50 பிபிடி, ஒரே கட்டளை: ஃபைலை இணையத்தில் ஏற்றாமலே பிடிஎஃப் ஆக்குவது எப்படி?

குழித்துறையில் காலை ரயிலேறி திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். எந்த ஆபீஸில் இருந்தாலும் ஒரு கோரிக்கை மட்டும் மாறாது: "இந்த பிபிடி எல்லாத்தையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிடுங்க." ஐந்து என்றால் கையாலேயே முடித்துவிடலாம். ஐம்பது என்றால் பலரும் கூகுளில் முதலில் வரும் இலவச கன்வர்ட்டர் தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளரின் ஆதார் எண்ணும் உள்ள ஃபைல், எங்கே இருக்கிறதென்றே தெரியாத சர்வருக்குப் போய்விடுகிறது. 'அழித்துவிட்டோம்' என்று தளம் சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும்.

இதே வேலையை நெட் இல்லாமலே செய்துதருகிறது லிப்ரேஆபீஸ். ஓப்பன்ஆபீஸிலிருந்து 2010-ல் பிரிந்த இலவச, திறமூல மென்பொருள் இது. குழித்துறைக்காரர்களுக்குத் தூரத்துச் சமாசாரமும் இல்லை. களியக்காவிளையைத் தாண்டினால், கேரள அரசின் 'கைட்' நிறுவனம் தரும் லினக்ஸில் பள்ளிப் பிள்ளைகள் இதைப் பாடமாகவே படிக்கிறார்கள். இந்தப் பக்கம், 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை!

திரையே திறக்காமல்

லிப்ரேஆபீஸைத் திரையில் திறக்காமல் பின்னணியிலேயே ஓட்டலாம். லினக்ஸில் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து 'எஸ்ஆபீஸ்' என்று அழைக்க வேண்டும் (ஸ்டார்ஆபீஸ் காலத்துப் பெயர், இன்றும் அப்படியே நிற்கிறது). கூடவே 'ஹெட்லெஸ்', 'கன்வர்ட்-டு பிடிஎஃப்' என்ற இரண்டு ஆப்ஷன்கள். கடைசியில் நட்சத்திரக் குறி, புள்ளி, பிபிடிஎக்ஸ். அவ்வளவுதான். 'அவுட்டிர்' ஆப்ஷனைச் சேர்த்தால் பிடிஎஃப்கள் தனி ஃபோல்டருக்குப் போகும். லிப்ரேஆபீஸ் ஏற்கெனவே திறந்திருந்தால் சில நேரம் எதுவுமே நடக்காது, பிழைச் செய்தியும் வராது. மூடிவிட்டு ஓட்டுங்கள்.

ஸ்லைடையும் தானாகவே

மாற்றுவது மட்டுமில்லை, உருவாக்குவதையும் கணினியிடம் விடலாம். வாவுபலி பொருட்காட்சிக்கு 60 ஸ்டால்களை அறிமுகப்படுத்தும் ஸ்லைடுகள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரைட்டரில் ஸ்டால் பெயர்களுக்கு 'ஹெடிங்' ஸ்டைல் கொடுத்து, ஃபைல் மெனுவில் 'சென்ட்' பகுதிக்குப் போய் 'அவுட்லைன் டு பிரசென்டேஷன்' என்பதை அழுத்தினால், தலைப்புக்கு ஒன்றாக ஸ்லைடுகள் வந்து நிற்கும். கொஞ்சம் கோடிங் தெரிந்தவர்கள் 'பைத்தான்-பிபிடிஎக்ஸ்' லைப்ரரியைப் பயன்படுத்தலாம். எக்செல் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் ஒரு டெம்ப்ளேட்டில் பொருத்தித் தரும். ஆனால் பட்டியலில் பெயரும் படமும் ஒரு வரி தள்ளிப்போயிருந்தால், 60 ஸ்லைடும் தப்பாகத்தான் வரும்; அதுவும் அழகாக.

தமிழ் இருந்தால் கவனம்

நம்மூர்ப் ஃபைல்கள் தடுக்கி விழுவது ஃபான்ட்டில்தான். லதா, நிர்மலா போன்றவை விண்டோஸ் எழுத்துருக்கள். அவை இல்லாத லினக்ஸ் கணினி வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், ஒரு வரித் தலைப்பு இரண்டு வரியாகிப் படத்தின்மேல் ஏறும். முதலிலிருந்தே நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை இன்னும் மோசம். அங்கே அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள். ஃபான்ட் அதற்குத் தமிழ் முகம் மாட்டிக் காட்டுகிறது. பாமினி இல்லாத கணினியில் மாற்றினால் பிடிஎஃப் முழுக்கக் குப்பை. இருக்கிற கணினியில் மாற்றினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கல் வரும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆனாலும் பழைய ஃபைல்கள் பல இடங்களில் பாமினியிலேயே கிடக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் எழுத்தை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு பிடிஎஃப் ஆக்க வேண்டும்.

ஐம்பதையும் அனுப்பும் முன் மூன்றையாவது திறந்து பாருங்கள்: நீளமான தலைப்பு உள்ளது ஒன்று, அட்டவணை உள்ளது ஒன்று, தமிழ் அதிகம் உள்ளது ஒன்று. பிடிஎஃப்பில் அனிமேஷன் வராது என்பதால் மூல பிபிடிகளை அழிக்க வேண்டாம்.