கடன் செயலிக்கு உங்கள் மாமனார் நம்பர் எதற்கு?

அடகு வைக்க நகையோ காட்டுவதற்குச் சம்பளச் சீட்டோ இல்லாதவருக்கு, சில நிமிடங்களில் ஐயாயிரம் ரூபாய் தரும் கைபேசிச் செயலி நல்ல கண்டுபிடிப்புதான். கந்துவட்டிக்காரரிடம் கைகட்டி நிற்பதைவிட மேல். எல்லாக் கடன் செயலிகளையும் தடைசெய்யச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கட்டுப்பாடு இல்லாதபோது என்ன நடந்தது? ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021 தொடக்கத்தில் தேடியபோது சுமார் 1,100 செயலிகள் அகப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 600 சட்டவிரோதமானவை. இத்தகைய செயலிகளுக்கு அடமானம், போனில் இருக்கும் எண்களும் படங்களும். தவணை தவறினால் மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் ஆபாசமாக ஒட்டுப்போட்ட படம் போகும். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2025இல் அவற்றைப் புதுப்பித்தது. அவற்றின்படி தொடர்பு எண்கள், படங்கள், அழைப்புப் பட்டியல் எதையும் செயலி தொடக்கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டு விகிதத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி அபராதமின்றி விலகலாம். வசூல் அழைப்பு காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வரக்கூடாது. இத்தனைக்குப் பிறகும் முறையான நிறுவனங்கள் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கட்டுப்படுத்தினால் தொழில்நுட்பம் செத்துவிடும் என்பது கதை.

மோசடிக்காரர்கள் விதியைப் படிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து கடன் செயலியை இறக்காதீர்கள். பின்னால் இருக்கும் வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயரைச் சொல்லாத செயலி வேண்டாம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களுடையவை என்று தெரிவித்த செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது.

மிரட்டல் வந்துவிட்டதா? கேட்கக் கேட்கப் பணம் அனுப்பினால் நிற்காது. முதலில் வீட்டாரிடமும் நண்பர்களிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்; மிரட்டுபவர் கையில் இருப்பதே அந்தப் பயம்தான். செயலியை நீக்கினாலும் ஏற்கெனவே எடுத்த எண்கள் அவர்களிடம் இருக்கும். ஆகவே செய்திகளையும் பணம் போன ரசீதுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் குற்றம். பதிவுபெற்ற நிறுவனம் என்றால் முதலில் அதன் குறைதீர் அலுவலரிடம் எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், உதவி எண் 14448. மனம் உடைந்துபோனால் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் பேசலாம். வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே குற்றமாகாது. அதற்காக மட்டுமே கடன் கொடுத்தவர் யாரும் உங்களைச் சிறையில் தள்ள முடியாது.