கழனி வேலை கண்ணியமான வேலையாக…

"நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை" என்கிறார் உழவர். "மாதத்தில் பாதி நாள் வேலை இல்லை" என்கிறார் அதே ஊர்த் தொழிலாளி. இருவர் கூற்றும் உண்மையே. இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதில் இருவருக்கும் ஆதாயம் உண்டு.

உழைப்போர் இன்று பெற்றுள்ள உரிமைகள் தாமாக வந்தவை அல்ல. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ஆம் ஆண்டு மே முதல் நாள் அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நாளை இந்தியாவில் முதன்முதலாக 1923-இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர்.

வயலில் உழைப்போரின் போராட்டத்திற்குத் தஞ்சைத் தரணியே சான்று. பண்ணையாள் முறையில் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்த காலம் அது. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றோர் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினர். 1952-இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்ட பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டமும், 1971-இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கும் சட்டமும் இயற்றப்பட்டன.

சட்டம் கூலியை வரையறுக்கலாம். ஆனால் வேலை நாட்களைப் பெருக்குவது நமது சாகுபடி முறையில்தான் உள்ளது. நியாயமான கூலி, தொடர்ந்த வேலை, உடலுக்கு ஊறின்மை, பேசி முடிவெடுக்கும் உரிமை ஆகியவை சேர்ந்ததே கண்ணியமான வேலை எனலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1999 முதல் இதனையே குறிக்கோளாக வலியுறுத்தி வருகிறது. சிறு உழவர் இதற்காகச் செய்யக்கூடியவை வருமாறு:

1. நாற்றங்காலை முறை வைத்து விடுதல்

குறுவை போன்ற குறுகிய கால நெல்லுக்கு 18 முதல் 22 நாள் வயதுள்ள நாற்று ஏற்றது. எல்லோரும் ஒரே நாளில் விதை விட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஆள் தேவைப்படும். ஆள் கிடைக்காதவர் முற்றிய நாற்றை நடுவார். தூர் குறையும், விளைச்சலும் குறையும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஊரில் 20 ஏக்கர் நடவு, ஏக்கருக்கு 20 பேர், நடவாட்கள் 40 பேர் என்று கொள்வோம். மூன்றே நாளில் நட வேண்டுமானால் நாளொன்றுக்கு 130 பேருக்கு மேல் வேண்டும். ஆனால் நாளொன்றுக்கு 2 ஏக்கருக்கான விதையை முறை வைத்து விட்டால், அந்த 40 பேரே 10 நாளில் முடித்து விடுவர். அவர்களுக்குப் பத்து நாள் தொடர்ந்த வேலை. நமக்கு உரிய வயது நாற்று. ஒரு வட்டார நடவு மூன்று வாரத்திற்கு மேல் நீளலாகாது. நீண்டால் பூச்சிகள் வயலுக்கு வயல் தாவிப் பெருகும்.

2. குனியாமல் களையெடுத்தல்

திருந்திய நெல் சாகுபடியில் 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுவதால், உருளும் களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம். நட்ட பத்தாம் நாள் முதல், பத்து நாளுக்கு ஒருமுறை ஓட்டுவது நல்லது. மண்ணும் கிளறப்படும். ஆனால் கருவி வந்ததும் பெண்களை நிறுத்திவிட்டு, கூடுதல் கூலிக்கு ஆண்களை அமர்த்துவது முறையன்று. பெண்களுக்கே பயிற்சியளித்து, அதே கூலியைத் தர வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1976-லேயே சட்டமாயிற்று.

3. மருந்தடிப்பவரைக் காத்தல்

மருந்துப் புட்டியில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது கொடிய நஞ்சு என்று பொருள். கூடியவரை தவிர்க்கவும். தெளிப்பவருக்குக் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை, சோப்பு ஆகியவற்றைத் தருவது நிலத்துக்காரர் பொறுப்பு. காற்றுக்கு எதிராகத் தெளிக்கச் சொல்லாதீர்கள்.

4. அறுவடைக்குப் பின்னும் வேலை

சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு உளுந்து, பயறு விதைத்தால், மீதமுள்ள ஈரத்திலேயே அது விளைந்துவிடும். அறுவடை இயந்திரம் இறங்கும் வயலில் சக்கரத்தடத்தில் முளைகள் நசுங்குகின்றன. ஆகவே பயறு விதைத்த வயலுக்கு ஆள் வைத்து அறுப்பதன் கூலியையும், பயறு வருமானத்தையும் சேர்த்தே கணக்கிட்டு முடிவு செய்யவும். பயறு எடுப்பு பங்குனி, சித்திரையில் கூலி வேலையையும் தரும்.

பருவத் தொடக்கத்தில் உழவரும் தொழிலாளரும் ஒன்றாக உட்கார்ந்து கூலி, வேலை நேரம், நாள் வரிசை ஆகியவற்றைப் பேசி எழுதிக் கொள்வது நலம். நம்மில் பலர் காலையில் சொந்த வயலிலும் பிற்பகலில் பிறர் வயலிலும் உழைப்பவர்கள். அங்கு நாம் எதிர்பார்க்கும் மரியாதையை நம் வரப்பில் நிற்பவருக்கும் தருவோம். வருகிற குறுவைக்கு நாற்றங்கால் விடுமுன், பக்கத்து வயல்காரரோடு இந்த முறையைப் பேசி வையுங்கள்.