வேகத்தின் உள்ளே – 9: முதல் 800 கிலோமீட்டர்

சென்ற வாரம் கார்வெட் தொழிற்சாலையின் வாசலில் நின்றோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பௌலிங் கிரீன் நகரில் 1981 முதல் அந்தக் கார்கள் தயாராகின்றன. பக்கத்திலேயே தேசிய கார்வெட் அருங்காட்சியகம் இருக்கிறது. கூடுதலாகக் கட்டணம் கட்டினால் புதுக் காரின் சாவியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தொலைவிலிருக்கும் மாநிலங்களிலிருந்து விமானத்தில் வந்து, சாவியை வாங்கி, ஊருக்கு ஓட்டிப் போகிறவர்கள் நிறைய.

வாங்கிய கையோடு இன்டர்ஸ்டேட் 65 நெடுஞ்சாலையில் ஏறி, க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு, மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போவதுதான் அவர்களுக்குத் தோன்றும் முதல் யோசனை. புது வண்டியைப் பதமாக ஓட்டுகிறோம் என்ற நம்பிக்கை. ஆனால் காரோடு வரும் கையேடு இதைத்தான் வேண்டாம் என்கிறது. முதல் 800 கிலோமீட்டருக்கு 4,000 ஆர்பிஎம்-ஐத் தாண்டக் கூடாது, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக் கிளம்பக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் எளிதில் புரிந்துவிடுகிறது. ஒரே சீரான வேகத்தில், அது மெதுவான வேகமே ஆனாலும், ஓட்டக் கூடாது என்ற வரியைத்தான் பலரும் கடந்துபோய்விடுகிறார்கள்.

அதன் காரணம் சிலிண்டருக்குள் இருக்கிறது. உட்சுவரைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக விட்டுவிட்டால் அதில் ஆயில் நிற்காது. அதனால் ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டி, ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகளைச் சுவர் முழுக்கக் கீறிவிடுவார்கள். பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடுகளின் கூர்முனைகளைப் பெரும்பாலும் தொழிற்சாலையே மழுக்கிவிடும். மிச்சத்தை, ஓடும்போது பிஸ்டன் ரிங்தான் மழுக்கியாக வேண்டும். புதிதாகக் கொத்திய அம்மியில் முதல் அரைப்பைச் சமையலுக்கு எடுக்க மாட்டார்கள் அல்லவா, அந்தப் பருவம் இது. ரிங்கும் சுவரும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதைத்தான் மெக்கானிக்குகள் ‘ரிங் செட் ஆகுது’ என்கிறார்கள்.

ரிங் தன் விறைப்பால் மட்டும் சுவரோடு ஒட்டி நிற்பதில்லை. எரிந்து விரியும் வாயு, ரிங் உட்கார்ந்திருக்கும் காடிக்குள் புகுந்து, பின்னாலிருந்து அதைச் சுவர் பக்கம் தள்ளுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இந்தத் தள்ளல் கூடும். மிதித்தும் மிதிக்காமலும் ஓட்டினால் தள்ளல் போதாமல், ரிங் ஆயில் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த ஆயில் சூட்டில் வெந்து, சுவரில் பளபளவென்று ஒரு பூச்சாகப் படிந்துவிடும். படிந்துவிட்டால் ரிங் செட் ஆவது கடினம். வாயு கீழே கசியும், ஆயில் மேலே ஏறி எரியும். இன்ஜினைப் பிரித்து மறுபடி ஹோனிங் செய்வதுதான் வழி. இன்றைய தயாரிப்பு நேர்த்தியில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது, அடியோடு நீங்கிவிடவில்லை.

2020-ல் வந்த சி8 கார்வெட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் 6.2 லிட்டர் எல்டி2 இன்ஜினுக்கு எட்டு சிலிண்டர்கள். சுமையில்லாமல் சீராக ஓடும்போது, பெட்ரோலை மிச்சம் பிடிக்க, நான்கு சிலிண்டர்களை அதுவே நிறுத்திவைக்கும். அவற்றில் பிஸ்டன் ஏறி இறங்கும், எரிதல் மட்டும் நடக்காது. நெடுஞ்சாலையில் க்ரூஸ் கன்ட்ரோலை நம்பிப் போகிறவரின் காரில், பாதி சிலிண்டர்களின் ரிங்குகள் தள்ளிவிட ஆளில்லாமலேயே பல மைல்களைக் கழிக்கக்கூடும்.

இதை வைத்துத்தான், எடுத்த நாளே விரட்டி ஓட்டு என்று ஒரு கட்சி பேசுகிறது. ரிங்கைப் பொறுத்தவரை அவர்கள் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் காரில் ரிங் மட்டுமா இருக்கிறது? கிராங்க் பேரிங், கியர் பற்கள், டிஃபரன்ஷியல் எல்லாமே புதுசு. புதுப் பல்லின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் இருக்கும். எதிர்ப்பல் தரும் விசை முழுவதும் அந்த மேடுகளின் உச்சியில்தான் இறங்கும். விசை அளவாக இருந்தால் அவை மெல்லத் தேய்ந்து, பல்லோடு பல் பரவலாகப் படியும். அளவு மீறினால் பிய்ந்து வரும். ரிங் கேட்பது அழுத்தம், கியர் கேட்பது நிதானம். இரண்டுக்கும் ஒத்துவருவது, நடுத்தரமான சுமையில் ஏற்றி இறக்கி ஓட்டுவதுதான்.

ஓட்டுநரின் பொறுமையை மட்டும் நம்பி, கார்வெட்டைத் தயாரிக்கும் செவ்ரோலே இதை விட்டுவிடவில்லை. முதல் 800 கிலோமீட்டர் முடியும் வரை, முதல் இரண்டு கியர்களில் டார்க்கை கம்ப்யூட்டரே குறைத்து வைக்கிறது. 495 குதிரைத்திறனுக்குப் பணம் கட்டியவருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். எனக்கு இது முழுக்கச் சரியென்றே படுகிறது. நாலைந்து வருடத்தில் காரைக் கைமாற்றிவிடுகிறவருக்குத் தன் அவசரத்தின் பலன் தெரியாமலே போகலாம். அதை அனுபவிக்கப்போவது அடுத்து வாங்குகிறவர்.

சரி, எங்கே ஓட்டுவது? பௌலிங் கிரீனிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் நாஷ்வில். அந்த நகரின் விளிம்பில் தொடங்கும் நாச்செஸ் டிரேஸ் பார்க்வே, மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸ் வரை 444 மைல், அதாவது ஏறக்குறைய 715 கிலோமீட்டர் போகிறது. சரக்கு லாரிகளுக்கு அனுமதியில்லை. பெரும்பகுதியில் வேக வரம்பு மணிக்கு 50 மைல். இதைவிடப் பொருத்தமான சாலை அந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை. அங்கேயும் 50-லேயே நிலையாக நின்றால் நெடுஞ்சாலையில் செய்த அதே தப்புதான். ஆயில் சூடேறும் வரை மெதுவாகப் போக வேண்டும். கூலன்ட் சூடான பிறகும் ஆயில் சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதன்பின் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள பாடிலைத் தட்டி மூன்றாவது கியருக்கு வந்து, 30 மைலிலிருந்து பாதி ஆக்ஸிலரேட்டரில் 50 வரை ஏற்றி, காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வேகம் தணிய விடலாம். காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சலில் ஆயில் சுவரோடு மேலேறி, தேய்ந்த உலோகத் துகளைக் கழுவிவரும். பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

அருங்காட்சியகத்துக்கு எதிரே, நெடுஞ்சாலையின் மறுபுறம், அதன் சொந்தப் பந்தயத் தடமே இருக்கிறது. சாவி வாங்கியவருக்குக் கால் துறுதுறுக்கும். ஆனால் 1,500 மைல், அதாவது 2,400 கிலோமீட்டர் ஓடி முடியாத கார் பந்தயத் தடத்தில் இறங்கக் கூடாது. அதுவரை ஆயில் செலவு வழக்கத்தைவிடக் கூடலாம் என்பதால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்கிறது கையேடு.

கியர்பாக்ஸின் கணக்கு அதற்குள் முடிந்துவிடாது. ஆரம்ப வருடங்களில் வந்த சி8-களில், அதன் ஃபில்டரை முதல் முறை 7,500 மைலில், அதாவது 12,000 கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும். பற்கள் படியும்போது கழன்ற துகளெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். செகண்ட் ஹேண்டில் சி8 வாங்குகிறவர் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது அந்த ஃபில்டர் மாற்றியதற்கான பில்.

(தொடரும்)