மன்னார்ப் பக்கம் கமஞ்செய்யப் போவோர் அறியவேண்டியவை

குருக்கள்மடத்து மணல் நிலத்திற் கத்தரியும் மிளகாயும் வைத்துப் பழகிய கமக்காரர், மன்னாரிற் காணி பெற விரும்பினால், தை மாதத்திற் பார்த்து முடிவு செய்தலாகாது. அப்பொழுது அங்கும் எல்லாம் பச்சையே! ஆவணியிற் சென்று பார்த்தல் வேண்டும். மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,700 மில்லிமீற்றர் மழை பெய்ய, மன்னாரில் 1,000 அளவே பெய்கின்றது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயாம்.

முருங்கன் பகுதிக் கருங்களிமண் நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். உழவுக்குரிய பதம் சில நாட்களே நிற்குமாதலால், மணலிற்போல நினைத்த நாளில் உழ இயலாது. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய வயலாயின், சிறுபோகத்தில் அவ்வயலுக்கு நீர் விடப்படுமா என்பதை முன்னரே விசாரித்தறிக. கிணற்று நீரையும் ஆவணியிலேயே சோதிக்க. அது உவர்த்தால் போஞ்சியும் வெங்காயமுமே முதலிற் கருகும்.