தண்ணீர் எங்கே போகிறது?
மஸ்டா ரோட்டரிக் கார் வைத்திருப்போருக்கு

ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டால் குறைகிறது. மறுபடி விட்டால் மறுபடியும் குறைகிறது. நிலத்திலோ ஒரு சொட்டும் இல்லை. கார் வைத்திருக்கும் எவருக்கும் வயிற்றைக் கலக்கும் சங்கதி இது. அந்தக் கார் மஸ்டா ஆர்.எக்ஸ்-7 அல்லது ஆர்.எக்ஸ்-8 ஆக இருந்துவிட்டால் கலக்கம் இரட்டிப்பாகும். அதில் கைவைக்கத் தயங்கும் கராஜ்களே அதிகம். ரொக்ஸ்பரோவிலும் பியர்பொன்னிலும் எம்மவர் வீட்டு வாசல்களில் இந்தக் கார்கள் இடைக்கிடை கண்ணில் படுகின்றன. பெரும்பாலும் பிள்ளைகள் பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியவை. தாய் தகப்பனுக்குக் காரின் விலை தெரியும்; உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. பிழை வந்ததும் பில் மட்டும் அவர்களுக்கு வந்துசேரும். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எம்மவருக்கு வாகன அறிவு இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களைப் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தவர்கள் நாம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, பெற்றோலைச் சில துளி காட்டி ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் எங்களுடையது. ஆனால் அந்த அறிவு பிஸ்ரன் எஞ்சினுக்கு உரியது. அங்கே தண்ணீர் காணாமற்போனால் அனுபவசாலியின் வாயில் வரும் முதல் வார்த்தை, "ஹெட் காஸ்கற் போட்டுது." இங்கேயும் அதையே சொல்கிறார்கள். ரோட்டரி எஞ்சினில் ஹெட்டும் இல்லை, ஹெட் காஸ்கற்றும் இல்லை. யாராவது உங்கள் ஆர்.எக்ஸ்-8 இற்கு ஹெட் காஸ்கற் மாற்ற விலை சொன்னால், நன்றி சொல்லிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

இந்த எஞ்சினுக்கு வித்திட்டவர் ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கல். என்.எஸ்.யூ. என்ற கம்பனியில் 1957 இல் முதல் மாதிரி ஓடியது. யப்பானின் மஸ்டா அதன் உரிமையை வாங்கி, 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் பூட்டி விற்றது. மற்றக் கம்பனிகள் கைவிட, மஸ்டா மட்டும் பிடிவாதமாக நின்றது. 1978 முதல் 2002 வரை ஆர்.எக்ஸ்-7, 2003 முதல் 2012 வரை ஆர்.எக்ஸ்-8. 1991 இல் லு மான் 24 மணி நேர ஓட்டத்தில் ரோட்டரி பூட்டிய மஸ்டா 787பி முதலாவதாக வந்தது. இளைஞர்களின் மோகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளே மேலும் கீழும் ஓடும் பிஸ்ரன் இல்லை, வால்வும் இல்லை. இடுப்பு ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள் முக்கோண வடிவான ரோட்டர் சுழல்கிறது. இந்தக் கார்களில் இரண்டு ரோட்டர்கள். முன், நடு, பின் என்று மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள். அவற்றுக்கிடையே இரண்டு அலுமினியக் கூடுகள். இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று அடுக்கி, நீண்ட போல்ற்றுகளால் இறுக்கியிருக்கிறார்கள். கூலன்ற் இந்த ஐந்துக்குள்ளும் ஊடுருவி ஓடுகிறது. தட்டும் கூடும் சேரும் ஒவ்வொரு பொருத்திலும் இரண்டு வளையங்கள். உள்வளையம் தண்ணீரை எரியறைக்குள் போகவிடாமல் தடுக்கிறது. வெளிவளையம் வெளியே ஒழுகாமல் தடுக்கிறது. மொத்தம் எட்டு வளையங்கள். இந்த எஞ்சினின் சுகமும் துக்கமும் இந்த எட்டில்தான் தங்கியிருக்கிறது.

பிஸ்ரன் எஞ்சினில் ஒரே அறைக்குள் குளிர்ந்த காற்றும் வருகிறது, நெருப்பும் எரிகிறது. ரோட்டரியில் அப்படியில்லை. ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்தில்தான் எப்போதும் நெருப்பு. காற்று வரும் பக்கம் எப்போதும் குளிர்ச்சி. ஒரே கூட்டின் ஒரு பக்கம் வேகிறது, மறுபக்கம் ஆறுகிறது. இதற்குமேல், அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இரண்டு உலோகங்களும் ஒன்றன்மேல் ஒன்று தேய்கின்றன. நடுவில் வளையம் அகப்பட்டுக்கொள்கிறது. ஒரேயொரு தடவை நன்றாகக் கொதித்தாலே பிளக் பக்கத்து உள்வளையம் கருகிப் போகக்கூடும். தண்ணீர் குறைவதை இந்தக் காரில் அலட்சியம் செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

ஆனால் தண்ணீர் குறைந்தால் உடனே எஞ்சின் போய்விட்டது என்று தலையில் கைவைக்க வேண்டியதில்லை. முதலில் வெளியே தேடவேண்டும், மலிவான சாமானிலிருந்து தொடங்கி. ரேடியேற்றர் மூடியின் ஸ்பிறிங்கும் ரப்பரும் தளர்ந்தால் தண்ணீர் மேலதிகப் போத்தலுக்குப் போய்விடும், திரும்பி வராது. ஒரு மூடி மாற்றினால் தீரும் வருத்தத்துக்கு எஞ்சினைக் கழற்றிய கதைகளும் உண்டு. ரேடியேற்றரின் இரு ஓரத்திலும் உள்ள பிளாஸ்ரிக் தொட்டிகள் பழசானால் வெடிக்கும். தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதனால் கசிந்தால் பம்ப் முடிந்தது. முன் ஆசனத்துக் கால்விரிப்பு ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பான புகார் படிந்து, உள்ளே இனிப்பு மணம் வந்தால் ஹீற்றரின் உட்பகுதி ஒழுகுகிறது.

காற்றுக் குழாய்களுக்குக் கீழே கண்ணில் படாமல் ஓடும் சின்னக் குழாய்களையும் மறக்கக்கூடாது. அவற்றால் கசிவது சூடான எஞ்சினில் விழுந்து அப்படியே ஆவியாகிவிடும். நிலத்தில் சொட்டு விழாது. காய்ந்த உப்புப் போன்ற ஒரு படிவு மட்டும் மிஞ்சும். மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ்-7 இல் காற்றைப் பிரிக்கும் ஒரு பிளாஸ்ரிக் தொட்டி இருக்கிறது. அது வெடிப்பது பேர்போன வருத்தம். ஆர்.எக்ஸ்-8 இல் கூலன்ற் போத்தலில் உள்ள உணரி பழுதாகி, தண்ணீர் நிறைய இருக்கும்போதே எச்சரிக்கை விளக்கு எரியும். முதலில் போத்தலைக் கண்ணால் பாருங்கள். எங்கள் பனிக்காலத்தில் ஒரு வசதியும் உண்டு: புதுப்பனியின் மேல் இரவு காரை நிறுத்தினால் காலையில் பச்சைச் சொட்டு பளிச்சென்று தெரியும்.

வெளியே ஒன்றும் அகப்படவில்லையா? இனித்தான் உள்வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதன் குறிகள் வேறு. காலையில் ஸ்ரார்ட் செய்யும்போது ஒரு ரோட்டர் மட்டும் வேலைசெய்வதுபோல் எஞ்சின் உதறும். வெள்ளைப் புகை வரும், இனிப்பாக மணக்கும், சூடான பின்னும் ஓயாது. ஸ்ரார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேற்றர்க் குழாய் கல்லுப்போல இறுகும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்ரார்ட் செய்து பாருங்கள். புதிதாகத் தண்ணீர் விட்டிருந்தால் சில குமிழிகள் வருவது இயல்பு, அது அடைபட்ட காற்று. சோடாப் போத்தல் திறந்ததுபோல ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அது எரியறையின் வாயு.

மொன்றியல் குளிர் சில பொய்க்குறிகளையும் காட்டும். பனிக்காலக் காலையில் எந்தக் காரும் வெள்ளையாகப் புகைக்கும். சில நிமிடத்தில் அடங்கினால் அது வெறும் நீராவி. ரொக்ஸ்பரோவிலிருந்து டி.டி.ஓ. திருமுருகன் கோயிலுக்குப் போய்வருவது போன்ற குறுகிய ஓட்டங்களில் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை. அப்போது ஒயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல ஒன்று படியும். அது பெரும்பாலும் குளிரில் ஒடுங்கிய ஈரம்தான். ஒயில் அளக்கும் கம்பியில் ஒயில் சுத்தமாக இருந்தால் பயப்படவேண்டாம். இன்னொன்று: பனி அள்ளுவதற்காகக் காரை ஸ்ரார்ட் செய்து பத்தடி நகர்த்தி உடனே நிறுத்தினால், ரோட்டரி எஞ்சின் பெற்றோலில் மூழ்கி மறுமுறை எழும்பாது. இதைத் தண்ணீர் புகுந்ததாக எண்ணிக் குழம்புவோர் உண்டு. பிளக்கைக் கழற்றி மணந்தால் பெற்றோலா கூலன்ற்றா என்று தெரிந்துவிடும். ஒயில் குறைவதும் வருத்தமல்ல. இந்த எஞ்சின் தன் ஒயிலைத் தானே சிறிது எரிக்கும்படி அமைக்கப்பட்டது. ஒயில் குடிப்பது அதன் சுபாவம். தண்ணீர் குடிப்பதுதான் நோய்.

சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, கைப்பம்பால் ரேடியேற்றருக்கு, மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் கொடுத்து, இரவு முழுக்க விட்டுவிடுவது. காலையில் பெற்றோலையும் பொறியையும் தடைசெய்து, கீழ்ப் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றினால், துவாரத்தால் ஈரம் தெறிக்கிறதா என்று பார்க்கலாம். மற்றது நீலத் திரவச் சோதனை: ரேடியேற்றர் வாயிலிருந்து வரும் காற்றில் எரிவாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இந்த இரண்டையும் செய்யாமல் எஞ்சினுக்கு மரண அத்தாட்சி எழுதும் கராஜை நாம் நம்பமாட்டோம்.

சூடு காட்டும் முள்ளையும் நம்பவேண்டாம். மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ்-7 இலும் ஆர்.எக்ஸ்-8 இலும் அது நடுவில் அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஏறத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். ரொறன்ரோவில் கல்யாணம் என்று 401 இல் போகும்போது முள் ஏறினால், ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டுக்கொண்டு ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த எக்ஸிற் வரை போகலாம் என்பது இந்தக் காருக்குச் சரிவராது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

ஊரில் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியதைப் பலர் கண்டிருப்போம். ஆர்.எக்ஸ்-7 இல் அதைச் செய்தால், தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்குவழியால் திரும்பி, சூடு கூடும். ஒழுக்கை அடைக்கும் மருந்துப் போத்தலும் அப்படித்தான். சில கிழமை தாங்கலாம், பின்னர் ரேடியேற்றரையும் ஹீற்றரையும் சேர்த்து அடைத்துவிடும். அதை ஊற்றி விற்பவர்களும் உண்டு. வாங்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

உள்வளையம் போனது உறுதியானால் வழி ஒன்றுதான். எஞ்சினை இறக்கி, ஐந்து துண்டுகளையும் பிரித்து, எட்டு வளையங்களையும் மாற்றவேண்டும். வளையத்தின் விலை அற்பம். அதை அடையும் கூலிதான் ஆளை விழுத்தும். பிரித்தபின் ரோட்டர் நுனிச் சீல்களையும் மாற்றாமல் விடுவது புத்தியல்ல. இரும்புத் தட்டின் விளிம்பு துருவேறித் தின்றுபோயிருந்தால் தட்டும் புதிதாக வேண்டும். எங்கள் அபிப்பிராயம் இது: மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ்-7 என்றால் காரின் மதிப்பு செலவைத் தாங்கும். உப்புத் தின்ற ஆர்.எக்ஸ்-8 என்றால் பெரும்பாலும் தாங்காது. பிள்ளையின் மனம் நோகும்தான். ஆனாலும் வீட்டு மோர்ட்கேஜ் காசை அதற்குள் கொட்டாதீர்கள்.

செய்விப்பதானால் கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தெரிந்துவைத்திருங்கள். வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் தரும்படி வேலை கொடுக்கும்போதே சொல்லுங்கள். செய்த திருத்தத்துக்கு மூன்று மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. மொழி தெரியாது என்று தயங்கி நிற்கவேண்டாம், பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள்.

கூலன்ற்றையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்துதான் விடவேண்டும். அது ஏறக்குறைய −37 பாகை வரை உறையாது. வெறும் குழாய்த் தண்ணீர் விட்டால் ஜனவரியில் எஞ்சினே வெடிக்கும். வடித்தெடுத்த பழையதை வீதி வாய்க்காலில் ஊற்றாமல், மூடிய போத்தலில் எக்கோசென்ரருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அது இனிப்பான நஞ்சு. கராஜில் திறந்த கோப்பையில் வைத்தால் நாயும் நக்கும், தவழும் பிள்ளையும் தொடும்.