உங்களுக்குத் தெரியுமா? கொழுக்கட்டை விலையில் தண்ணீரின் பங்கு

எர்ணாகுளம் வட்டாரத்தில், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய நாளைச் சிரியன் கிறித்தவர்கள் 'கொழுக்கட்டைச் சனி' என வழங்குவர். அன்று தேங்காய்த்துருவலும் வெல்லமும் கலந்த பூரணத்தை, அதாவது உள்ளீட்டை, அரிசிமாவில் பொதிந்து ஆவியில் வேகவைப்பர்.

வீட்டுப் பண்டத்தின் செலவையும் கடைப் பண்டத்தின் விலையையும் ஒப்பிடுவோர் ஒரு கிலோ மாவின் விலையை ஒரு கிலோ கொழுக்கட்டையின் விலையோடு நிறுத்துப் பார்ப்பது பிழையாகும். ஏனெனில் ஒரு குவளை மாவு ஏறத்தாழ ஒன்றரைக் குவளை வெந்நீரை ஏற்பதால், பூரணத்தைப் பொதியும் மேல்மாவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீரே. உண்மையான செலவு தேங்காயிலும், எந்த வீட்டுக் கணக்கேட்டிலும் ஏறாத கையுழைப்பிலும் உள்ளது. கொல்லையில் தென்னை நிற்கும் வீட்டுக்கோ முதலாவதும் பெரிதில்லை.