பாட்டிலையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள்

நகத்தைச் சுற்றிச் சிவந்து தெறித்தால் ஓர் எலுமிச்சம்பழத்தைத் துளையிட்டு விரலில் செருகிக்கொள்வது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் கைவைத்தியம். நகச்சுற்று என்று பெயர் வைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. ஆனால், வீட்டிலேயே ஜெல் பாலிஷ் வைத்துக்கொண்டு நெயில் ஆர்ட் வரைகிற பெண்ணுக்கு விரல்நுனி அரித்து, சிவந்து, தோல் உரிந்து வெடித்தால் அது நகச்சுற்றாக இல்லாமலும் போகலாம். ஜெல்லில் உள்ள ரசாயனத்துக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமையாக இருக்கலாம். எலுமிச்சைச் சாறு வெடிப்பில் பட்டு எரிவதுதான் மிச்சம். அதைவிடக் கவலை தருவது, இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது என்பது.

புதுச்சேரியில் முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, முதலியார்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் நெயில் ஆர்ட் போடத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண்ணையோ, அதை வீட்டுக் கூடத்தில் சிறு தொழிலாகச் செய்கிற ஓர் அக்காவையோ பார்க்கலாம். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, ரிசப்ஷன் என்று கேட்டு வருகிறார்கள். மார்கழியில் வாசலில் புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு நகத்தில் புள்ளி வைப்பது பெரிய வித்தை இல்லை. இந்தக் கலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை வைத்து வரைகிறோம், கெடுதல் நேர்ந்தால் யாரைக் கேட்பது என்ற இரண்டும் தெரிந்துகொண்டு வரைய வேண்டும் என்கிறேன்.

சாதாரண நெயில் பாலிஷ் காற்றில் காய்வது. அதில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போக, நைட்ரோசெல்லுலோஸ் படலம் நகத்தில் நிற்கும். ஜெல் அப்படிக் காய்வதில்லை. மெத்தாக்ரிலேட் என்ற வகைச் சின்னஞ்சிறு மூலக்கூறுகள் புற ஊதா லேம்ப்பின் ஒளி பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. கோத்து முடிந்தவை பெரிதாகத் தொல்லை தருவதில்லை. கோக்காமல் மிஞ்சியவை தோலில் பட்டால்தான் வினை. அவற்றில் முதன்மையானது ஹெமா என்று சுருக்கிச் சொல்லப்படும் ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2012ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இந்த அக்ரிலேட் குடும்பத்தைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, ஹெமா கலந்த நகப் பொருட்களைத் தொழில்முறை பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கையும் அதில் அச்சாகியிருக்க வேண்டும். இங்கே ஜெல், லேம்ப், பிரஷ் எல்லாம் சேர்த்த கிட்டை ஒரு பள்ளி மாணவிகூட ஆன்லைனில் வாங்கிவிட முடிகிறது.

வீட்டில் இது எப்படித் தோலில் படுகிறது என்று பாருங்கள். மோதிர விரல் நகத்தில் ஒரு தாமரை. மூன்றாவது இதழை இழுக்கும்போது பிரஷ் சற்று வழுக்கி, நக ஓரத்துத் தோலில் ஜெல் வழிகிறது. பயிற்சி பெற்றவர் ஒரு மரக்குச்சியின் நுனியால் அதைச் சுத்தமாக வழித்த பிறகுதான் கையை லேம்ப்புக்குள் விடச் சொல்வார். அவசரக்காரர் தன் கட்டைவிரலாலேயே வழித்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்வார். லேம்ப் அணைந்த பிறகும் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்கும். அது கோக்காத ஜெல். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அதைத் துடைக்கிறோம். அந்தப் பஞ்சைப் பிடித்திருப்பதும் வெறும் விரல்கள். நாளுக்கு நான்கு பேருக்குப் போடுகிறவருக்கு வாடிக்கையாளரைவிட ஆபத்து அதிகம் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

லேம்ப்பும் ஜெல்லும் பொருந்தாவிட்டால் மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் கோக்காமல் கிடக்கும். ஜெல் தயாரித்த நிறுவனம் எந்த லேம்ப், எத்தனை நொடி என்று சொல்கிறதோ அதையே பின்பற்ற வேண்டும். கையுறை போட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. லேடெக்ஸ் கையுறையை அக்ரிலேட் எளிதில் ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை கொஞ்ச நேரம் தாங்கும். ஜெல் பட்டவுடன் கழற்றிப் போட்டு வேறு மாட்ட வேண்டும்.

ஒவ்வாமை விரலோடு நிற்பதில்லை. கண்ணைக் கசக்கும்போது இமையில் ஒட்டி, இமை வீங்கி அரிக்கும். சாதாரண நெயில் பாலிஷில் இருக்கும் டோசிலமைடு ஃபார்மால்டிஹைடு பிசினுக்கும் இதே குணம் உண்டு. காரணம் நகத்தில் இருக்க, கண் மருந்தாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர். இன்னும் பெரிய இழப்பு பின்னால் வரும். பல் சொத்தையை அடைக்கும் பசை, மூட்டு மாற்று அறுவையில் எலும்போடு பொருத்தும் சிமென்ட், சர்க்கரை அளவு பார்க்கக் கையில் ஒட்டும் சென்சாரின் பசை எல்லாவற்றிலும் இதே அக்ரிலேட் குடும்பம் இருக்கிறது. இருபது வயதில் நெயில் ஆர்ட்டில் வாங்கிய ஒவ்வாமை அறுபது வயதில் சிகிச்சைக்குத் தடையாக வந்து நிற்கலாம்.

அரிப்பு தொடங்கினால் ஜெல்லை அன்றே நிறுத்துங்கள். ஜிப்மரிலோ இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலோ தோல் மருத்துவரைப் பார்த்து, “ஜெல் பாலிஷ் போடுகிறேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். முதுகில் மருந்து தடவிய பட்டையை ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை தேவையா என்று கேளுங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுத்தில் கிடைக்கும் அந்த அறிக்கை மருத்துவத்துக்கும் உதவும், வழக்குக்கும் உதவும்.

லேம்ப்பின் புற ஊதாக் கதிர் பற்றி அச்சமூட்டும் செய்திகள் வருகின்றன. 2023 ஜனவரியில் கலிஃபோர்னியா சான்டியாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களை 20 நிமிடம் லேம்ப்பில் வைத்தபோது 20 முதல் 30 சதவீதம் செல்கள் இறந்தன. அது தட்டில் இருந்த செல், உயிருள்ள விரல் அல்ல. நாம் கை வைப்பதும் அவ்வளவு நேரம் இல்லை. ஆகவே பதற வேண்டாம். விரல்நுனி வெட்டிய கையுறையோ சன்ஸ்கிரீனோ போட்டுக்கொண்டு கை வைத்தால் போதும்.

நகம் ஒட்டும் பசையில் எனக்குப் பயம் அதிகம். அது சயனோஅக்ரிலேட், நாம் ஃபெவிக்விக் என்று சொல்லும் அதே வகை. பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் கொதிக்கும் அளவுக்குச் சூடாகித் தோலைச் சுட்டுவிடும். கொட்டியதை உடனே பஞ்சால் துடைக்க வரும் நம் கைப்பழக்கமே இங்கே எதிரி. அதன் குட்டி பாட்டில் கண் சொட்டு மருந்து பாட்டில் போலவே இருப்பதால், மாற்றி ஊற்றிக்கொண்டு இமை ஒட்டிப்போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அப்படி நேர்ந்தால் இமையைப் பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பாலிஷ் அகற்றும் அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி அளவிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். விளக்கேற்றிய பூஜை மாடத்துக்குப் பக்கத்திலும், அடுப்பங்கரையிலும், மின்வெட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். புழுக்கம் என்று ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுக்கொண்டு வரைவதும் கூடாது. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

வீட்டில் வரைய ஒரு நல்ல வழி இருக்கிறது. விரலில் வரையாமல் பிளாஸ்டிக் பிரஸ்-ஆன் நகத்தை ஒரு தாங்கியில் ஒட்டி, அதில் தாமரையோ கோலமோ வரைந்து, தாங்கியோடு லேம்ப்பில் வைத்துக் கெட்டியாக்கி, மேல் படலத்தைக் கையுறையோடு துடைத்த பிறகு விரலில் பொருத்துங்கள். ஈர ஜெல் யார் தோலிலும் படாது. பசைக்குப் பதில் இருபக்கமும் ஒட்டும் பட்டையைப் பயன்படுத்தினால் அந்தக் கவலையும் குறையும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுகூட வேண்டாம். காற்றில் காயும் பாலிஷும் ஒரு மெல்லிய பிரஷும் போதும்.

இனி சட்டம். நெயில் பாலிஷ் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வருகிறது. 2020இன் அழகுசாதன விதிகள் அதன் கீழ் வந்தவை. இந்தியாவில் தயாரித்ததில் தயாரிப்பாளர் பெயர், ஊர், உரிம எண், எப்போதுவரை பயன்படுத்தலாம் என்பது இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கில் பதிவுச் சான்று எண்ணும் அதைப் பெற்றவரின் பெயர், முகவரியும் வேண்டும். ஃபேன்சி கடைக்காரர் அழகுசாதனம் விற்கத் தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் போலியை விற்றால் அவரும் பொறுப்பு. போலி, கலப்படம் என்றால் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 50,000 ரூபாய் அபராதமும் சட்டத்தில் உண்டு. ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்: சிறு அளவுப் பொதிகளுக்குச் சேர்மானப் பட்டியலை அச்சிடுவதிலிருந்து விதி விலக்கு தருகிறது. நெயில் பாலிஷ் பாட்டில் அந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வாமை வந்தவருக்கு மிகவும் தேவையான தகவலே இப்படி விடுபடுவது நியாயமில்லை. நகப் பொருட்களுக்காவது இந்த விலக்கை நீக்க வேண்டும். அதுவரை, சேர்மானப் பட்டியலைத் தானாக முன்வந்து அச்சிடும் நிறுவனத்தின் பொருளையே வாங்குங்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம். பிரான்சில் உறவினர் இல்லாத தெரு இங்கே குறைவு. விடுமுறைக்கு வரும் அத்தை, சித்தி பெட்டியில் ஜெல் பாட்டிலும் வரும். டிபிஓ எனப்படும், ஜெல்லை லேம்ப்பில் கெட்டியாக்க உதவும் ஒரு சேர்மத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத்தைப் பாதிப்பதாகத் தெரிந்ததே காரணம். இதுவரை போட்டவர்கள் கலங்க வேண்டாம். ஆனால் அங்கே விற்கக்கூடாது என்று ஒதுக்கிய பழைய பாட்டில் இங்கே பரிசாக வந்தால், சேர்மானப் பட்டியலில் ட்ரைமெத்தில்பென்சாயில் டைஃபினைல்பாஸ்பீன் ஆக்சைடு என்ற நீண்ட பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். நீங்களே நிறம் கலந்தோ, பெரிய டப்பாவிலிருந்து குட்டி பாட்டிலில் நிரப்பி உங்கள் பெயர் ஒட்டியோ இன்ஸ்டாகிராமில் விற்றால், அது உரிமம் இல்லாத உற்பத்தியாகக் கருதப்படும். காசு வாங்கி நகம் போட்டுவிடும்போது நீங்கள் சேவை தருபவர். வாடிக்கையாளர் உங்கள் மீதும் நுகர்வோர் வழக்குப் போடலாம். முன்பு ஜெல்லில் அரிப்பு வந்ததுண்டா, கர்ப்பமா, அறுவை சிகிச்சை நாள் குறித்திருக்கிறதா என்று முதலில் கேட்டு எழுதி வையுங்கள். அறுவைக்கு முன் நகப் பூச்சை அகற்றச் சொல்வார்கள். ஜெல்லை அவசரத்தில் அகற்ற முடியாது. தொழில் உரிமம் வேண்டுமா என்பதை உங்கள் பகுதிக்கேற்ப புதுச்சேரி நகராட்சியிலோ உழவர்கரை நகராட்சியிலோ கேட்டுவிடுங்கள்.

கெடுதல் நேர்ந்துவிட்டால் பலரும் செய்யும் முதல் காரியம் கோபத்தில் பாட்டிலைக் குப்பையில் போடுவது. அதுதான் உங்கள் சாட்சி. பாட்டில், அட்டைப்பெட்டி, பில் அல்லது ஆர்டர் பக்கத்தின் படம், விரலின் புகைப்படம் தேதியோடு, மருத்துவச் சீட்டு இவற்றை ஓர் உறையில் போடுங்கள். பொருள் போலி என்று சந்தேகித்தால் புதுச்சேரி அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். ஆய்வாளர் கடையில் மாதிரி எடுக்க முடியும். அதோடு, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாங்கிய அழகுசாதனத்தைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்துக் கையெழுத்திட்ட அறிக்கை பெறும் உரிமையை எந்தத் தனிமனிதருக்கும் தருகிறது. மிகச் சிலரே பயன்படுத்தும் அருமையான உரிமை இது.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய இடம் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

தொழில் செய்யும் பெண்களிடம் எதிர்த்தரப்பு ஒரு வாதத்தை முதலிலேயே வைக்கும்: “நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோரே அல்ல.” 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். புகார் மனுவின் முதல் பத்தியிலேயே இதை எழுதி, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டை இருந்தால் அதன் நகலையும் இணைத்துவிடுங்கள்.